ஒரு சோறு பதமாகுமா?



'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது நம் முன்னோர் வாக்கு. திருத்தணி வட்டாரத்தில் நம்மோடு கலந்து வாழும் தெலுங்கு அன்பர்களும், சோறு முழுவதையும் பிசைந்து பார்க்க வேண்டியதில்லை என்று இதே கருத்தைத் தம் மொழியில் கூறுவர். அடுப்பங்கரையைப் பொறுத்தவரையில் இது முற்றிலும் உண்மை. பானை ஒன்று, நீர் ஒன்று, நெருப்பும் ஒன்று, போதாததற்கு அகப்பை அதைக் கிளறிக்கொண்டும் இருக்கிறது. ஆகவே ஒரு பருக்கை வெந்திருந்தால் மற்றப் பருக்கைகளும் வெந்திருக்கும் என்று துணிந்து சொல்லலாம்.

ஆயின், வயல் ஒரு பானை அன்று. மடையருகே ஒரு விளைவு. கடைமடையில் வேறொரு விளைவு. தறியும் ஒரு பானை அன்று. ஒரே கை, ஒரே பாவு, ஒரே நூலாயினும் காலையில் நெய்த துணியும் மாலையில் நெய்த துணியும் இம்மி பிசகாமல் ஒரே எடை நிற்பதில்லை. இத்தகைய இடங்களில் ஒரு சோற்றை எடுத்துப் பதம் பார்த்துத் தீர்ப்புக் கூறுபவன் தவறு செய்வான். அவ்வாறு தவறு செய்தவர்களுள் நானும் ஒருவன். அதனை மறைக்காமல் சொல்லி, அதிலிருந்து நம் சங்கங்கள் கொள்ளத்தக்க வழக்கம் ஒன்றை அங்கத்தினர் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஐந்து வேட்டிகள்

நான் பணியேற்ற முதல் ஆண்டு. நெசவாளர் சங்கம் ஒன்றின் இருப்பைச் சரிபார்க்கச் சென்றிருந்தேன். சங்கம் நூலை நிறுத்துக் கொடுக்கும். நெசவாளர் அதை வேட்டியாக நெய்து திருப்புவார். எட்டு முழ வேட்டி ஒன்றுக்கு 380 கிராம் என்பது அங்கே வைத்திருந்த கணக்கு. ஒரு முதிய நெசவாளர் கொடுத்த 50 வேட்டிகளில் 45 விற்றுப்போயின; ஐந்தே அலமாரியில் எஞ்சியிருந்தன. அவற்றைத் தராசில் வைத்தேன். 372, 384, 361, 379, 364 கிராம் என்று நின்றன. சராசரி 372. வேட்டிக்கு 8 கிராம் குறைவு. அதை ஐம்பதால் பெருக்கி, 400 கிராம் நூல் குறைவு என்றும், அது வசூலிக்கத்தக்கது என்றும் குறிப்பு எழுதிவிட்டேன்.

அக்குறிப்பு நிர்வாகக் குழுவில் படிக்கப்பட்டது. அவருக்குப் பாவு கொடுப்பது நிறுத்தப்பட்டது. சில நாட்களுக்குப் பின் அவரே என்னைத் தேடி வந்தார். என் தந்தையின் வயதிருக்கும். கோபமாக ஒரு சொல்லும் சொல்லவில்லை.

"ஐயா, மழைக்காலத்தில் நூலை நிறுத்துக் கொடுத்தார்கள். தாங்கள் சித்திரை வெயிலில் துணியை நிறுத்தீர்கள். நூல் காய்ந்து குறைந்ததா, நான் எடுத்துக் குறைந்ததா என்று எந்தத் தராசு தங்களுக்குச் சொல்லிற்று?" என்று மட்டும் கேட்டார்.

என்னிடம் விடையில்லை. பருத்தி நூல் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சவும் விடவும் செய்யும். நூல் வணிகத்தில், நன்கு உலர்ந்த 100 கிராம் பருத்தி நூலுக்கு எட்டரைக் கிராம் ஈரம் இருக்கலாம் என்று கணக்கிட்டே எடை கொள்வர். அந்தக் கணக்குப்படி 380 கிராம் வேட்டியில் ஏறத்தாழ 30 கிராம் தண்ணீரே. அதில் நாலில் ஒரு பங்கைவிடச் சற்றே கூடுதலாக உலர்ந்தாலும் நான் கண்ட 8 கிராம் போய்விடும்.

இது ஒரு பிழை. இரண்டாவது பிழை இன்னும் பெரிது. அந்த ஐந்து வேட்டிகளும் நான் பொறுக்கியவை அல்ல. வாங்க வந்தவர்கள் விட்டுச் சென்றவை. கனமான வேட்டியைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்கியிருப்பர். மெலிந்தது அலமாரியில் தங்கியிருக்கும். அந்த எச்சத்தைக் கொண்டு போனவற்றுக்கும் சேர்த்துத் தீர்ப்பு எழுதினேன்.

மூன்றாவது பிழைதான் எனக்கு மன்னிக்க இயலாதது. ஏனெனில், கல்லூரியில் புள்ளியியல் பயின்று, இதே கணக்கைத் தேர்வுத்தாளில் போட்டு மதிப்பெண் பெற்றவன் நான். கற்றதைத் தேர்வுத்தாளோடு கட்டி வைத்துவிட்டேன். அன்றிரவு அதை அவிழ்த்துப் போட்டுப் பார்த்தேன்.

ஓர் எண்ணும் இரண்டு எல்லைகளும்

கணக்கு இதுதான். 372 என்ற சராசரியிலிருந்து ஐந்து எடைகளும் முறையே 0, 12, 11, 7, 8 கிராம் விலகி நிற்கின்றன. இவற்றை வர்க்கித்துக் கூட்டினால் 378. மாதிரி எண்ணிக்கையில் ஒன்று குறைத்து, அதாவது நான்கால் வகுத்தால் 94.5. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 9.7. வேட்டிக்கு வேட்டி எடை எவ்வளவு சிதறுகிறது என்பதை இது காட்டும். இதனை ஐந்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால் 4.35 வரும். இதற்குத் திட்டப்பிழை என்று பெயர். ஐந்து மாதிரிகளுக்குரிய அட்டவணை எண் 2.776. இரண்டையும் பெருக்கினால் 12 கிராம்.

ஆகவே, நான் நேர்மையாக எழுதியிருக்கக் கூடியது, '372 கிராம்' என்பதன்று. '372-க்கு 12 கீழும் மேலுமாக, 360 முதல் 384 கிராம் வரை' என்பதே. சங்கம் விதித்த 380 இந்த இரண்டு எல்லைகளுக்குள்ளேயே அடங்கி நிற்கிறது. குறைவு என்று கூற என்னிடம் ஆதாரமே இல்லை!

இந்த இரண்டு எல்லைகளுக்கு இடைப்பட்டதையே 'நம்பிக்கை இடைவெளி' என்று புள்ளியியலார் வழங்குவர். நான் எடுத்த அட்டவணை எண்ணுக்கு மூலவர் டப்ளின் நகரத்து கின்னஸ் மது ஆலையில் பணிபுரிந்த வில்லியம் காசெட் என்பவர். ஆலையில் நூற்றுக்கணக்கான சோதனைகள் செய்ய இயலாது. நாலைந்து மாதிரியை வைத்தே முடிவு செய்ய வேண்டும். அந்த நெருக்கடியில் பிறந்த கணக்கை அவர் 1908ஆம் ஆண்டு 'மாணவர்' என்ற புனைபெயரில் வெளியிட்டார். பின்னர் 1937ஆம் ஆண்டு ஜெர்சி நெய்மன் என்பார் நம்பிக்கை இடைவெளிக்கு முறையான கொள்கை வகுத்தார்.

நான் கொண்ட அட்டவணை எண் நூற்றுக்கு 95 என்ற அளவில் அமைந்தது. இந்த 95-இன் பொருளைப் பலரும் பிழையாகக் கொள்கின்றனர். ஏரியில் மீன் ஓரிடத்தில் அசையாமல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாம் கண்ணை மூடிக்கொண்டு வலை வீசுகிறோம். நூறு முறை வீசினால் ஏறத்தாழ 95 முறை மீன் அகப்படும்படி அமைந்த வலை நம் வலை. மீன் உண்மை எடை. வலை நாம் கணக்கிட்ட இடைவெளி. ஒவ்வொரு முறை மாதிரி எடுக்கும்போதும் வலைதான் இடம் மாறி விழுகிறது. இன்று வீசிய இந்த ஒரு வலையில் மீன் இருக்கிறதா என்றால், இருக்கலாம், இல்லாமலும் போகலாம். உறுதி வலை வீசும் முறைக்கே அன்றி, வீழ்ந்த ஒரு வலைக்கு அன்று.

குற்றமும் ஐயமும்

வலையைக் கொண்டு வழக்கைத் தீர்ப்பது எவ்வாறு? இதற்கே 'கருதுகோள் சோதனை' என்று பெயர். முதலில், வேறுபாடு ஒன்றுமில்லை, நெசவாளர்மேல் குற்றமில்லை என்று வைத்துக்கொள்ள வேண்டும். இது 'இன்மைக் கருதுகோள்'. குற்றமில்லாத நிலையிலும், தற்செயலாகவே, நாம் கண்டது போன்ற எடைகள் வரக்கூடுமா என்று அடுத்துக் கேட்க வேண்டும். எளிதில் வரக்கூடும் என்றால் வழக்கு நிற்காது. மிக அருமையாகவே வரக்கூடும் என்றால்தான் அக்கருதுகோளைக் கைவிடலாம்.

இந்த ஒழுங்கு தலைகீழானால் என்ன நேரும் என்பதை அறியத் தமிழர் வேறு நூல் தேட வேண்டியதில்லை. சிலப்பதிகாரத்துப் பாண்டியன் பொற்கொல்லன் சொல்லொன்றையே ஆதாரமாகக் கொண்டான். அரசியின் சிலம்பில் முத்து. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். உடைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் சோதனைதான். ஆனால் அந்தச் சோதனை கோவலன் வெட்டுண்ட பின்னரே நடந்தது. என் குறிப்பும் அத்தகையதே; தண்டனை முந்திற்று, கணக்குப் பிந்திற்று.

நிற்க. இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 'வழக்கு நிற்காது' என்பது 'குற்றமே இல்லை' என்பதாகாது. என் இடைவெளிக்குள் 380 இருந்தது போலவே 365-உம் இருந்தது. ஐந்து வேட்டிகளைக் கொண்டு அவரைக் குற்றவாளி என்றும் சொல்ல இயலாது; நிரபராதி என்றும் மெய்ப்பிக்க இயலாது. அறிய முடியாததை அறிந்ததாக எழுதியதே என் குற்றம்.

ஆகவே, பிழை இரு வகைப்படும். குற்றமற்றவரைத் தண்டிப்பது ஒன்று. குறை செய்தவரைத் தப்பவிடுவது மற்றொன்று. முதலாவதால் ஒரு குடும்பத்தின் அடுப்பு அணையும். இரண்டாவதால் எல்லா அங்கத்தினர் பணமும் கரையும். விதியை இறுக்கினால் முதற்பிழை பெருகும். தளர்த்தினால் இரண்டாவது பெருகும். இரண்டையும் ஒருங்கே குறைக்கும் வழிகள், மாதிரிகளை மிகுதியாக எடுப்பதும் அளவையைச் செம்மைப்படுத்துவதுமே.

இன்னொன்றும் கருதத்தக்கது. குற்றமற்ற ஒருவர் தற்செயலால் சிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துதான் என்று விதி வகுத்துக்கொண்டோம் என்க. சிறிய வாய்ப்பு என்று தோன்றும். ஆனால் ஒரு சங்கத்தில் 200 நெசவாளர் இருந்து, அவர்கள் அனைவருமே நேர்மையானவர்களாக இருந்தாலும், அனைவரையும் சோதித்தால் ஏறத்தாழ பத்துப் பேர் சிக்குவர்! ஆகவே, முதற்சோதனையில் ஒருவர் சிக்கினால் அது மறுசோதனைக்குக் காரணம். தண்டனைக்குக் காரணம் அன்று.

ஆறு எடுத்துப் பார்க்கும் முறை

"வர்க்கமூலமும் அட்டவணையும் கல்லூரிக்காரர் வித்தை, எங்கள் சங்கச் செயலாளர் இதை எவ்வாறு செய்வார்?" என்று அன்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்குக் காகிதமும் வேண்டாத எளிய முறை ஒன்று உண்டு.

ஒரு நெசவாளர் கொடுத்த வேட்டிகளையெல்லாம் எடை வரிசையில் அடுக்கினால் நடுவில் நிற்கும் எடை ஒன்று இருக்குமல்லவா? எதையும் பொறுக்காமல் குலுக்கல் முறையில் ஒரு வேட்டியை எடுத்தால், அது அந்த நடு எடைக்கு மேலே இருக்கவும் கீழே இருக்கவும் சரிபாதி வாய்ப்பு. நாணயத்தைச் சுண்டினால் பூவா தலையா என்பது போன்றதே. ஆறு வேட்டிகளை எடுக்கிறோம். ஆறும் நடு எடைக்குக் கீழேயே விழ, ஆறு முறையும் பூவே விழுவது போன்று, 64-இல் ஒரு வாய்ப்பு. ஆறும் மேலேயே விழ இன்னொரு 64-இல் ஒன்று. இரண்டும் சேர்ந்து 32-இல் ஒன்று. எஞ்சிய 31 பங்கிலும், உண்மையான நடு எடை நம் ஆறு மாதிரிகளுள் மிகக் குறைந்ததற்கும் மிக உயர்ந்ததற்கும் இடையே கிடக்கும். அதாவது, நூற்றுக்கு ஏறத்தாழ 97 என்ற நம்பிக்கையோடு இரண்டு எல்லைகளைக் கணக்கின்றியே பெற்றுவிடுகிறோம்!

ஆகவே விதி எளிது. குலுக்கி எடுத்த ஆறில் ஒன்றேனும் சங்கம் விதித்த எடையை எட்டினால் குறை கூறாதீர். ஆறும் கீழே நின்றால் ஐயம் கொள்ளுங்கள். வேறொருவரைக் கொண்டு, வேறு ஆறு எடுத்து, அதே தராசில் மீண்டும் நிறுங்கள். என் ஐந்து வேட்டிகளில் ஒன்று 384 நின்றதை நினைவு கூர்க. இந்த எளிய விதியைக் கைக்கொண்டிருந்தாலே அந்த முதியவர் காப்பாற்றப்பட்டிருப்பார்.

வேர்க்கடலையும் பொடியும்

இனி உழவர் பக்கம் வருவோம். புதிய உரமோ நுண்ணூட்டப் பொடியோ விற்க வருபவர், "ஏக்கருக்கு 30 கிலோ கூடுதல்" என்று ஓர் எண்ணைச் சொல்லுகிறார். சங்கம் வாங்கி அங்கத்தினர்க்குக் கடனில் கொடுக்கலாமா என்பது கேள்வி.

ஓர் எடுத்துக்காட்டாக, எட்டு அங்கத்தினர் தம் வேர்க்கடலை நிலத்தை இரண்டாகப் பகுத்து, ஒரு பாதியில் பொடி இட்டும் மறுபாதியில் இடாமலும் பார்த்தனர் என்க. இட்ட பாதியில் ஏக்கர் கணக்கில் கண்ட வேறுபாடு கிலோவில் இவ்வாறு: 60 கூடுதல், 20 குறைவு, 90 கூடுதல், 10 கூடுதல், 40 குறைவு, 110 கூடுதல், 30 கூடுதல், ஒன்றில் வேறுபாடில்லை. சராசரி 30 கிலோ கூடுதல் என்பது மெய்தான். விற்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் முன் சொன்ன கணக்கைப் போட்டால் எல்லைகள் 14 கிலோ நட்டம் முதல் 74 கிலோ லாபம் வரை விரிகின்றன. பொடியால் பயனே இல்லை என்ற கருதுகோளை இந்த எட்டு நிலங்களைக் கொண்டு தள்ள இயலாது. நாணயக் கணக்கிலும் அவ்வாறே. வேறுபாடு காட்டிய ஏழில் ஐந்து ஏறின, இரண்டு இறங்கின. ஏழு முறை நாணயம் சுண்டினால் ஐந்தோ அதற்கு மேலோ தலை விழுவது 128-இல் 29 வாய்ப்பு. ஐந்தில் ஒன்றுக்கும் அதிகம். இதை நம்பியா கடன் வாங்குவது?

இதே சிதறலோடு 32 நிலங்களில் பார்த்து, அதே 30 கிலோ சராசரி வந்திருந்தால் எல்லைகள் 11 முதல் 49 வரை சுருங்கியிருக்கும். அப்போது பயன் உண்டு என்று சொல்லலாம். ஆயினும், அந்தப் பொடியின் விலை 25 கிலோ வேர்க்கடலைக்குச் சமம் என்றால், பயன் 11 கிலோவாகவும் இருக்கக்கூடும் அல்லவா? 'பயன் உண்டு' என்பது வேறு. 'விலைக்குத் தக்க பயன் உண்டு' என்பது வேறு. புள்ளியியல் முதலாவதைச் சொல்லும். இரண்டாவதை நிர்வாகக் குழுதான் யோசிக்க வேண்டும்.

எல்லைகளைப் பாதியாகச் சுருக்க நிலங்களை நான்கு மடங்காக்க வேண்டியிருக்கிறது என்பதையும் கவனிக்க. தனி ஒரு விவசாயி 32 நிலங்களுக்கு எங்கே போவார்? சங்கம் போகலாம். கூட்டுறவின் பயன் கடன் கொடுப்பதோடு முடிந்துவிடுவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

வயலில் வெட்டும் சதுரம்

உழவர் அனைவரையும் தொடும் பெரிய வழக்கு பயிர்க் காப்பீடு. 2016ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், பரவலான இழப்புக்கு ஈடு ஒவ்வொருவர் வயலையும் தனித்தனியே பார்த்துத் தருவதன்று. அறிவிக்கப்பட்ட பகுதியின் சராசரி விளைவு, முந்தைய ஏழு ஆண்டுகளில் சிறந்த ஐந்தின் சராசரியை ஒட்டி வகுத்த வரம்புக்குக் கீழே சென்றால், சென்ற விகிதத்தில் எல்லாருக்கும் ஈடு. அந்தச் சராசரியை அறியவே பயிர் அறுவடைப் பரிசோதனை நடக்கிறது. முக்கியப் பயிருக்கு ஊராட்சி அளவில் குறைந்தது நான்கு பரிசோதனைகள் என்பது திட்டத்தின் வழிகாட்டு நெறிகளில் கண்டது.

பல மாநிலங்களில் வழங்கும் அளவு ஐந்து மீட்டர் நீளமும் ஐந்து மீட்டர் அகலமும் உள்ள சதுரம். அதாவது 25 சதுர மீட்டர். ஒரு ஹெக்டேர் இதைப்போல் 400 மடங்கு. சதுரத்தில் 100 கிராம் தவறினால் ஹெக்டேருக்கு 40 கிலோ தவறும். நான்கு சதுரங்களில் 8, 11, 9, 12 கிலோ நெல் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். சராசரி 10 கிலோ. ஹெக்டேருக்கு 4,000 கிலோ. வரம்பு 3,800 எனில் ஈடு இல்லை என்று முடியும். ஆனால் நான்கு மாதிரிக்குரிய எல்லைகளைக் கணக்கிட்டால் 2,840 முதல் 5,160 கிலோ வரை விரிகின்றன! உண்மை விளைவு கீழெல்லையில் இருந்தால், காப்பீட்டுத் தொகையில் கால்பங்கு நமக்கு வர வேண்டியது. மேலெல்லையில் இருந்தால் நமக்கு ஒன்றும் சேர வேண்டியதில்லை. இந்த ஐயம் இரு தரப்புக்கும் பொது. நிறுவனமும் இதனால் இழக்கலாம் என்பதையும் நேர்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும். அதே சிதறலில் 16 சதுரங்கள் வெட்டினால் ஐயம் ஏறத்தாழ 390 கிலோ கீழும் மேலுமாக, மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும்.

இந்தக் கலையில் நம் நாடு உலகுக்கே முன்னோடி. 1920களில் பீகார்–ஒரிசா மாகாணத்தில் ஹப்பக் என்ற அதிகாரி நெல் வயல்களில் குலுக்கல் முறையில் சிறு துண்டங்களை வெட்டி விளைவு கண்டார். 1931ஆம் ஆண்டு கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்த பேராசிரியர் மகலனோபிஸ், 1937 முதல் வங்காளத்துச் சணல் பயிரை மாதிரி முறையில் மதிப்பிட்டார். அவருக்கும், வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தில் பணியாற்றிய சுகாத்மே அவர்களுக்கும் ஒரு கருத்து வேறுபாடு எழுந்தது. சிறு துண்டம் வெட்டினால் செலவு குறைவு; பல இடங்களில் வெட்டலாம் என்பது முன்னவர் வழி. சிறு துண்டத்தில் விளிம்பு மிகுதி. விளிம்பில் நிற்கும் பயிரை உள்ளே சேர்த்து அறுக்கும் கை, விளைவை உள்ளதைவிட மிகுத்துக் காட்டும் என்பது பின்னவர் 1946-இல் வெளியிட்ட முடிவு.

இந்தப் பழைய வாதம் இன்றைக்கும் நமக்கு உரியது. விளைவு மிகையாகக் காட்டப்பட்டால் குறைவது நம் ஈட்டுத் தொகையல்லவா? மேலும், எல்லைகளைக் கணக்கிடும் கலை தற்செயலை மட்டுமே அளக்கும். சாய்ந்த கையையும், உலராத நெல்லையும், சாலையோரம் என்பதற்காகப் பொறுக்கிய வயலையும் அது அளக்காது. சதுரங்களைப் பதினாறாக்கினும் நூறாக்கினும் அந்தப் பிழை நீங்காது.

எண்ணக் கூடியதை எண்ணுதல்

மாதிரி எடுப்பதே எப்போதும் சிறந்தது என்று நான் கூறவில்லை. நம் திருத்தணி 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது எல்லை எவ்வாறு வகுக்கப்பட்டது என்பது மூத்தோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கிராமத்தை அலகாகக் கொண்டு, எம்மொழி பேசுவோர் பெரும்பான்மை என்று குடிக்கணக்கைப் பார்த்தனர். அங்கே தலைகளை எண்ண முடிந்தது; எண்ணினர். எண்ணக் கூடியதை எண்ணிவிடுக. எண்ண இயலாததற்கே மாதிரி. நானும் அந்த ஐம்பது வேட்டிகளை, வந்த அன்றே நிறுக்கச் செய்திருந்தால் ஐந்தைக் கொண்டு ஆரூடம் பார்க்க வேண்டியிருந்திராது.

மாதிரி எடுத்தே ஆகவேண்டும் எனில், பொறுக்காமல் எடுக்க வேண்டும். இதற்கும் நமக்குப் பழைய வழி உண்டு. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுக் கலக்கி, ஏதும் அறியாத சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். அந்தச் சிறுவனுடைய கையில் விருப்பும் இல்லை, வெறுப்பும் இல்லை. வேட்டி எண்களையும் புல எண்களையும் சீட்டில் எழுதி நாமும் அவ்வாறே எடுக்கலாம்.

நாம் செய்யத்தக்கவை

என் வேண்டுகோள் நான்கே. அடுத்த பொதுக்குழுவில் அங்கத்தினர் இவற்றை எழுப்புவராக.

ஒன்று: நெசவாளர்மேல் எடைக் குறைவோ ஊடைக் குறைவோ எழுதுமுன், குலுக்கி எடுத்த ஆறேனும், அவர் முன்னிலையில், நூலை நிறுத்த அதே தராசில் சோதிக்கப்பட வேண்டும், மழை வெயில் வேறுபாட்டுக்கு இடம் விடவேண்டும், மறுசோதனையின்றி வசூல் கூடாது.

இரண்டு: விதை, உரம் எதுவாயினும் சராசரி ஒன்றை மட்டும் கேட்டு வாங்கக் கூடாது. எத்தனை நிலம், எத்தனையில் ஏறிற்று, எத்தனையில் இறங்கிற்று என்ற மூன்றையும் கேட்க வேண்டும்.

மூன்று: பயிர் அறுவடைப் பரிசோதனை நாளில் அங்கத்தினர் வயலில் இருக்க வேண்டும். மெலிந்த மூலையில் வெட்டச் சொல்லி வேண்டுவதற்கன்று. குலுக்கலில் வந்த இடத்திலேயே வெட்டப்படுகிறதா, விளிம்பு சரியாகப் பிடிக்கப்படுகிறதா என்று காண்பதற்கு. நான்கு போதாது, எண்ணிக்கையைக் கூட்டுக என்று முறைப்படி தீர்மானம் அனுப்புவதும் நம் உரிமையே.

நான்கு: சங்கத்தின் அறிக்கையில் மாதிரி வைத்துக் கண்ட எந்த எண்ணாயினும், எத்தனை மாதிரி என்பதும் இரண்டு எல்லைகளும் கூடவே எழுதப்பட வேண்டும்.

"இத்தனை தயங்கினால் திருடனுக்கு அல்லவா கொண்டாட்டம்?" என்று சிலர் கேட்பர். தயங்கச் சொல்லவில்லை, மேலும் ஆறு எடுத்து நிறுக்கச் சொல்லுகிறேன். அதற்குக் கால்மணி நேரம் போதும். நூலை உண்மையில் எடுத்தவர் மறுசோதனையிலும் அகப்படுவார். எடுக்காதவர் விடுபடுவார்.

அந்த முதியவர் கதையை முடிக்க வேண்டும். என் குறிப்பை நானே திரும்பப் பெற்றேன். அதற்குள் இரண்டு மாதம் கடந்துவிட்டது. அவருடைய அடுத்த 30 வேட்டிகளையும் வந்த அன்றே நிறுத்தோம், சராசரி 379. முந்தைய ஐம்பதில் குறை இருந்ததா என்பது இன்றும் எனக்குத் தெரியாது. ஆனால் அந்த இரண்டு மாதம் அவர் வீட்டில் தறி ஓடவில்லை என்பது மட்டும் ஐயத்துக்கு இடமின்றித் தெரியும். அதை என்னால் திருப்பித் தர இயலாது.

ஒரு சோறு பதமாகும், அன்பர்களே, பானை நன்கு கலந்திருந்தால். கலவாத பானையிலிருந்து எடுத்த ஒரு பருக்கையைக் காட்டி யாரேனும் உங்களிடம் தீர்ப்புச் சொன்னால், அவர் ஆய்வாளராகவே இருந்தாலும், "இன்னும் ஐந்து எடுங்கள்" என்று கேளுங்கள்.